பெற்றோர் இறந்த பிறகு: சான்றிதழ்கள், வங்கிப் பணம், நிலம், வாரிசுரிமை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் வசித்து இறந்தவர்களின் பிள்ளைகளுக்கானது. பங்கு பற்றிய பதில்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்தை வைத்து எழுதப்பட்டவை. கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்குத் தனிக் கேள்வி உண்டு.

முதல் வாரத்தில் எதைச் செய்தே ஆக வேண்டும்?

மூன்றே வேலைகள். இறப்பைப் பதிவு செய்யுங்கள். இறந்தவரின் கைப்பேசியையும் சிம் கார்டையும் பத்திரப்படுத்தி, ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வங்கி, காப்பீடு, வருமான வரி என எல்லாவற்றுக்கும் தகவல் வருவது அந்த எண்ணுக்குத்தான். எண் செத்துப்போனால் எந்த வங்கியில் கணக்கு இருந்தது என்பதைக்கூடக் கண்டுபிடிக்க முடியாமல் போகும். மூன்றாவதாக, பீரோவில் இருக்கும் பத்திரங்கள், பாஸ்புக், பாலிசிகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, வாரிசுகள் எல்லோர் முன்னிலையிலும் ஒரு பட்டியல் எழுதிப் படம் எடுத்துவையுங்கள். பின்னால் வரும் சந்தேகங்களில் பாதி இதனாலேயே வராமல் போகும்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. காரியத்துக்கு எல்லோரும் கூடியிருக்கிறார்களே என்று அன்றே எந்தத் தாளிலும் கையெழுத்து வாங்காதீர்கள், போடாதீர்கள். சொத்துப் பேச்சு இரண்டு மாதம் தள்ளிப்போவதால் யாருடைய பங்கும் குறைந்துவிடாது.

இறப்பை எங்கே பதிவு செய்வது? நாள் கடந்துவிட்டால்?

இறந்தவர் குடியிருந்த ஊரில் அல்ல, இறப்பு நடந்த ஊரில். மதுரைக்காரர் சென்னை மருத்துவமனையில் இறந்தால் பதிவு சென்னை மாநகராட்சியில்தான். மருத்துவமனையில் நடந்த இறப்பை மருத்துவமனையே தெரிவிக்கும். வீட்டில் நடந்தால் குடும்பத்தார்தான் தெரிவிக்க வேண்டும்: கிராம ஊராட்சியில் கிராம நிர்வாக அலுவலரிடம், நகரங்களில் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி அலுவலகத்தில். கடைசியாகச் சிகிச்சை கொடுத்த மருத்துவரிடம் இறப்புக் காரணச் சான்று வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதன்பின் ஓராண்டு வரை மேலதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். ஓராண்டு தாண்டினால் வருவாய்க் கோட்டாட்சியரின் உத்தரவு இல்லாமல் பதியமாட்டார்கள். அதற்கு மயான ரசீது, மருத்துவக் குறிப்பு, சாட்சிகள் எனப் பலவும் தேட வேண்டிவரும். மயான ரசீதை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. தயவுசெய்து பத்திரப்படுத்துங்கள்.

சான்றிதழில் பெயர் கொஞ்சம் மாறியிருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள். தமிழ்க் குடும்பங்களில் வேலை நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பத்திரத்தில் "மு. சுப்பிரமணியன்", ஆதாரில் "சுப்ரமணி முத்தையா", பாஸ்புக்கில் "எம். சுப்ரமணியம்" என்று இருக்கும். ஊரில் எல்லோருக்கும் மூன்றும் ஒரே ஆள் என்று தெரியும். வங்கியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

பதிவுப் படிவம் நிரப்பும்போதே ஆதாரையும் நிலப் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர், தகப்பனார் பெயர், முகவரி மூன்றையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். மருத்துவமனையில் பதட்டத்தோடு யாரோ சொன்ன பெயர்தான் சான்றிதழில் ஏறுகிறது. பிழை வந்துவிட்டால் பதிவாளரிடம் ஆதாரத்தோடு மனு கொடுத்துத் திருத்தலாம். முதலில் இதைத் திருத்துங்கள், பிறகு வாரிசு சான்றிதழுக்குப் போங்கள். பிழையான இறப்புச் சான்றை வைத்து வாங்கும் ஒவ்வொரு தாளிலும் அதே பிழை ஒட்டிக்கொள்ளும்.

பழைய பத்திரத்தில் இருக்கும் பெயரை இனி மாற்ற முடியாது. அதற்கு, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே நபரைக் குறிப்பவை என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி இணைப்பது வழக்கம்.

வாரிசு சான்றிதழ் வாங்குவது எப்படி?

தாசில்தார் கொடுப்பது. மனு இ-சேவை மையம் வழியாகவோ நேரடியாக இணையத்திலோ போட வேண்டும். இறந்தவர் நிரந்தரமாகக் குடியிருந்த தாலுகாவில்தான் போட வேண்டும். இறப்புச் சான்று, இறந்தவரின் ஆதார், குடும்ப அட்டை, எல்லா வாரிசுகளின் ஆதார், உறுதிமொழி ஆகியவை தேவை. மனு கிராம நிர்வாக அலுவலருக்கு (விஏஓ) போய், வருவாய் ஆய்வாளர் விசாரித்து, தாசில்தாரிடம் முடியும். மனு எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு யாருடைய மேசையில் நிற்கிறது என்று இணையத்திலேயே பார்க்கலாம். பெரும்பாலும் விஏஓ நிலையில்தான் நிற்கும். விசாரணைக்கு வரும்போது அக்கம்பக்கத்தில் சாட்சி சொல்லக்கூடிய இருவரைத் தயாராக வைத்திருங்கள்.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் "இவர் வாரிசே இல்லை" என்று குடும்பத்துக்குள்ளேயே தகராறு இருந்தால் தாசில்தார் தீர்க்கமாட்டார். உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

அதில் யார் யார் பெயர் வர வேண்டும்?

அப்பா இறந்திருந்தால்: அம்மா, எல்லா மகன்கள், எல்லா மகள்கள், அத்துடன் அப்பாவின் அம்மா உயிரோடு இருந்தால் அவரும். பாட்டியை மறந்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-ன்படி ஆணின் தாய் முதல் வகுப்பு வாரிசு; மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சமமான ஒரு பங்கு அவருக்கு உண்டு. தாத்தா அந்த வகுப்பில் வரமாட்டார்.

திருமணமாகிப் போன மகளும் வாரிசுதான். நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று என்பதால் சட்டப்படி பங்கு போய்விடாது. அவர் பெயரை மறைத்து வாங்கிய சான்றிதழ் பிறகு ரத்தாகும். அதை நம்பி நடந்த விற்பனையும் வழக்கில் மாட்டும். முன்பே இறந்துபோன மகன் அல்லது மகள் இருந்தால் அவர்களுடைய பிள்ளைகள், இறந்த மகனின் மனைவி ஆகியோரும் வருவார்கள். முறைப்படி தத்தெடுத்த பிள்ளைக்குப் பெற்ற பிள்ளைக்கு உள்ள அதே உரிமை உண்டு.

வாரிசு சான்றிதழ் இருந்தால் போதுமா? நீதிமன்றச் சான்றிதழும் வேண்டுமா?

இரண்டும் வேறு. தாசில்தார் தருவது "இவர்கள் குடும்பத்தார்" என்பதற்கான அடையாளம். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை அது சொல்லாது. இறங்குரிமைச் சான்றிதழ் என்பது (பேச்சு வழக்கில் சக்ஸஷன் சர்டிபிகேட்) இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-ன்படி நீதிமன்றம் தருவது. வங்கி வைப்பு, பங்குகள், கடன் பாக்கி போன்ற பணச் சொத்துகளுக்கு மட்டுமே அது பொருந்தும். நிலத்துக்கு அது தேவையில்லை. "எல்லாவற்றுக்கும் கோர்ட் சர்டிபிகேட் வாங்கிவிடலாம்" என்று யாராவது சொன்னால், எந்தக் கணக்குக்காக, எந்த அலுவலகம் எழுத்தில் கேட்டது என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். மாதக்கணக்கில் இழுக்கும், நீதிமன்றக் கட்டணமும் தொகையின் மதிப்பைப் பொறுத்தது.

ஏடிஎம் கார்டும் ரகசிய எண்ணும் கையில் இருக்கின்றன. செலவுக்கு எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். கணக்கு வைத்தவர் இறந்த நொடியிலிருந்து அந்தப் பணம் எல்லா வாரிசுகளுக்கும் பொது. இறந்த தேதிக்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு ரூபாயும் கணக்கு அறிக்கையில் தேதியோடு நிற்கும். நல்ல எண்ணத்தில் எடுத்ததையே பின்னால் உடன்பிறந்தவர் திருட்டு என்று சொல்வார். இறுதிச் செலவை உங்கள் பணத்தில் செய்து, ரசீதுகளை வைத்துக்கொண்டு, பிறகு பொதுப் பணத்திலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்" முறையில் அம்மாவோடு சேர்ந்து இருந்தால் அம்மா இறப்புச் சான்றைக் கொடுத்துத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.

வங்கி என்னென்ன கேட்கலாம்? எத்தனை நாளில் தர வேண்டும்?

நாமினி இருந்தால், தொகை எவ்வளவானாலும், கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்று, நாமினியின் அடையாளச் சான்று போதும். வாரிசு சான்றிதழ் கேட்கத் தேவையில்லை. நாமினி இல்லையென்றால், ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரையும் கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் வரையும் எளிய முறை: வாரிசு சான்றிதழ் அல்லது உறுதிமொழி, இழப்பீட்டு உறுதிப் பத்திரம் (பின்னால் வேறு யாராவது உரிமை கோரினால் வங்கிக்கு வரும் நஷ்டத்தை ஈடுசெய்வோம் என்ற உறுதி), பணம் வாங்காத மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம். அதற்கு மேல் போனால் நீதிமன்றச் சான்றிதழோ, வாரிசு சான்றிதழோடு ஜாமீனோ கேட்கலாம்.

ஆவணங்கள் முழுமையாகக் கொடுத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் வைப்புத் தொகையைத் தீர்க்க வேண்டும். தவறினால் வட்டியோடு ஈடு தர வேண்டும். லாக்கர் என்றால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய். ஆகவே தாள்களைக் கொடுக்கும்போது தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கிளையை விட்டு வராதீர்கள். அது இல்லாவிட்டால் 15 நாள் எப்போது தொடங்கியது என்பதற்கே ஆதாரம் இருக்காது. நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன் எடுத்தாலும், இறப்பின் காரணமாக எடுப்பதற்கு அபராதம் பிடிக்கக் கூடாது.

நாமினியாகத் தம்பி பெயர் இருக்கிறது. பணம் முழுவதும் தம்பிக்கா?

இல்லை. நாமினி பணத்தைக் கையில் வாங்குபவர் மட்டுமே. வாங்கியதை வாரிசுகளுக்குப் பங்கிட வேண்டும், உயில் இருந்தால் உயிலின்படி. பங்குகள், மியூச்சுவல் ஃபண்டு விஷயத்திலும் இதுவே நிலை என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீடு மட்டும் விலக்கு. 2015-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பெற்றோர், துணைவர், பிள்ளைகளை நாமினியாகப் போட்டிருந்தால் அந்தத் தொகை அவர்களுக்கே உரியது.

அப்பா எங்கெல்லாம் பணம் வைத்திருந்தார் என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைசி மூன்று ஆண்டு கணக்கு அறிக்கையை வரி வரியாகப் படியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை போகும் சிறு தொகைதான் சாவி. 436 ரூபாய் பிடித்திருந்தால் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு (55 வயது வரை, 2 லட்சம் ரூபாய்). 20 ரூபாய் பிடித்திருந்தால் சுரக்ஷா விபத்துக் காப்பீடு (70 வயது வரை, விபத்து இறப்புக்கு 2 லட்சம்). வீட்டில் யாருக்கும் தெரியாமலே இந்தப் பிடித்தம் நடந்துகொண்டிருக்கும். கேட்காவிட்டால் யாரும் தேடி வந்து தரமாட்டார்கள். லாக்கர் வாடகை, எல்ஐசி தவணை, டிவிடெண்ட் வரவு ஆகியவற்றையும் இதே அறிக்கையில் பிடிக்கலாம். வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் வட்டி எந்த வங்கியிலிருந்து வந்தது என்று இருக்கும்.

10 ஆண்டு தொடப்படாத வைப்புகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போயிருக்கும். அவற்றை "உத்கம்" இணையதளத்தில் பெயர், பான் எண் கொடுத்துத் தேடலாம்.

ஆயுள் காப்பீட்டில், பாலிசி எடுத்து மூன்று ஆண்டுக்குள் இறந்திருந்தால் நிறுவனம் விசாரிக்கும். மருத்துவமனைத் தாள்கள் எல்லாம் கேட்கும். மூன்று ஆண்டு தாண்டிய பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்விக்குள்ளாக்க முடியாது.

வேலையில் இருக்கும்போதே இறந்தார். பிஎஃப்?

மூன்று தொகைகள், மூன்று படிவங்கள்: சேமிப்புக்குப் படிவம் 20, குடும்ப ஓய்வூதியத்துக்கு 10டி, காப்பீட்டுக்கு 5ஐஎஃப். மூன்றாவதைத்தான் பலர் கோருவதே இல்லை. அது அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை வரும். தொழிலாளியிடம் இதற்காக எதுவும் பிடிப்பதில்லை என்பதால் சம்பளச் சீட்டில் தெரியாது.

ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தவர் என்றால் கருவூலத்துக்கோ வங்கிக்கோ உடனே எழுதுங்கள். இறப்புக்குப் பிறகான நாட்களுக்கு வரவு வைக்கப்பட்டதைத் திருப்பிப் பிடிப்பார்கள். அந்தப் பணத்தைச் செலவழித்துவிடாதீர்கள்.

சொத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு?

முதலில், சொத்து அப்பாவே சம்பாதித்து வாங்கியதா, பூர்வீகமா என்று தாய்ப்பத்திரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கணக்கு மொத்தமும் இதைப் பொறுத்தே மாறும்.

அம்மா, ஒரு மகன், ஒரு மகள், பாட்டி இருக்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். உயில் இல்லை. சுயசம்பாத்தியம் என்றால் நால்வருக்கும் தலா நான்கில் ஒரு பங்கு. பேரப்பிள்ளைகளுக்கு இதில் உரிமை இல்லை. "பேரன் சொத்து" என்ற பேச்சு இங்கே செல்லாது.

பூர்வீகச் சொத்தில் அப்பா, மகன், மகள் மூவரும் பிறப்பாலேயே சம பங்காளிகள். அப்பா பங்கான மூன்றில் ஒன்றை மட்டும் நால்வருக்கும் பிரிக்க வேண்டும். மகனுக்கும் மகளுக்கும் தலா 5/12, அம்மாவுக்கும் பாட்டிக்கும் தலா 1/12. அம்மாவின் பங்கு எவ்வளவு சுருங்கிவிடுகிறது என்று பாருங்கள்.

மகளுக்கு இந்தப் பிறப்புரிமையைத் தமிழ்நாடு 1989-லேயே (அதற்குமுன் மணமாகாதவர்களுக்கு) கொடுத்தது. 2005 செப்டம்பர் 9-ல் நாடு முழுவதற்கும், மணமான மகளுக்கும் வந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11-ல் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுசெய்து பாகம் பிரித்திருந்தால் அதைக் கிளற முடியாது.

இறந்தது அம்மா என்றால்?

அவர் பெயரிலிருந்த சொத்து கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சமமாக. பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இல்லாத பெண்ணின் சொத்து, பிறந்த வீட்டிலிருந்து வந்தது என்றால் தகப்பன் வழி வாரிசுகளுக்குத் திரும்பும்.

கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களில்?

கிறிஸ்தவர்களுக்கு 1925 சட்டம்: மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி மகன், மகள் பேதமின்றிச் சமமாக. முஸ்லிம் குடும்பங்களில் ஷரியத்: பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகனுக்கு மகளைப் போல் இரு மடங்கு, இறந்தவரின் பெற்றோர் இருந்தால் அவர்களுக்கும் பங்கு. மற்ற வாரிசுகள் சம்மதிக்காதவரை உயில் எழுத முடிவது மூன்றில் ஒரு பகுதிக்கு மட்டுமே.

உயில் இருக்கிறது என்கிறார்கள். பதிவு செய்யாத உயில் செல்லுமா?

செல்லும். முத்திரைத்தாளும் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். எழுதியவர் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டிருக்க வேண்டும். தகராறு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். எழுதியவரைவிட வயதில் மூத்த இருவரைச் சாட்சியாகப் போட்ட உயில்கள் அங்கேதான் தடுமாறுகின்றன. பல உயில்கள் இருந்தால் கடைசியாக எழுதியதே நிற்கும்.

பதிவான உயிலின் நகலை, எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை வேறு யாருக்கும் தரமாட்டார்கள். இறந்தபின் இறப்புச் சான்றைக் காட்டி யாரும் சார்பதிவாளரிடம் மனு செய்து வாங்கலாம்.

பட்டாவை எங்கள் பெயருக்கு மாற்றுவது எப்படி? மாற்றினால் சொத்து எங்களுடையதாகிவிடுமா?

முதலில் சார்பதிவகத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அப்பா உயிரோடு இருக்கும்போதே விற்றதோ அடமானம் வைத்ததோ அதில் தெரியும். பிறகு இறப்புச் சான்று, வாரிசு சான்றிதழ், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு இ-சேவையில் பட்டா மாறுதல் மனு. பாகம் பிரிக்காதவரை எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டாதான் கிடைக்கும். தனிப் பட்டா வேண்டுமென்றால் பாகப்பிரிவினையைப் பதிந்து, சர்வேயர் அளந்து, உட்பிரிவு எண் விழ வேண்டும்.

பட்டா வருவாய்த் துறைப் பதிவு. உரிமைப் பத்திரம் அல்ல. உங்கள் பெயரை விட்டுவிட்டு அண்ணன் தனியாகப் பட்டா வாங்கிவிட்டார் என்றால் பங்கு போய்விடவில்லை. ஆனால் சும்மா இருக்காதீர்கள், கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். அப்பா பெயரில் முப்பது ஆண்டு பட்டா அப்படியே கிடக்கும் குடும்பங்களில் வாரிசுகளுக்கே வாரிசுகள் வந்து, ஒரு கையெழுத்துக்காக இருபது பேரைத் தேட வேண்டியிருக்கிறது.

அக்கா தன் பங்கு வேண்டாம் என்கிறார். எழுதி வாங்கினால் போதாதா?

நோட்டரி முன் எழுதியதும், நூறு ரூபாய்த் தாளில் எழுதியதும் நிலத்துக்குச் செல்லாது. பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். 2023 ஜூலையிலிருந்து குடும்பத்துக்குள் செய்யும் விடுதலை, பாகப்பிரிவினை, தானசெட்டில்மென்ட் மூன்றுக்கும் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000 ரூபாய். பாகப்பிரிவினையில் இந்த உச்சம் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி.

அம்மாவின் பங்கையும் சேர்த்து எழுதி வாங்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. எங்கள் உறுதியான கருத்து: அம்மா குடியிருக்கும் வீடு அவர் காலம்வரை அவர் பெயரிலேயே இருக்கட்டும். எழுதிக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் "என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அந்த வரி இருந்தால், பராமரிக்காதபோது 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

வாரிசுகளில் 18 வயது நிரம்பாதவர் இருந்தால், நீதிமன்ற அனுமதி இல்லாமல் அவர் பங்கை விற்காதீர்கள். வயது வந்ததும் அவர் அந்த விற்பனையை ரத்து செய்யலாம்.

தம்பி வெளிநாட்டில். வர முடியாது.

பொது அதிகாரப் பத்திரத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பச் சொல்லுங்கள். அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். எந்தச் சர்வே எண், எந்த வேலை என்று குறிப்பாக எழுதியதே பாதுகாப்பு.

அப்பாவின் கடனை நாங்கள் அடைக்க வேண்டுமா?

அவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு வரை மட்டும். உங்கள் சம்பளத்தையோ சொந்தச் சேமிப்பையோ தொட முடியாது, நீங்கள் இணைக் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்திட்டிருந்தால் தவிர. வீட்டுக் கடனோடு காப்பீடு எடுத்திருந்தாரா என்று கடன் ஒப்பந்தத்தில் பாருங்கள். இருந்தால் கடனே தீர்ந்துவிடலாம். அவசரம் நகைக் கடனுக்குத்தான். அறிவிப்பு இறந்தவர் பெயருக்கு வந்து, யாரும் பிரிக்காமல் கிடந்து, நகை ஏலம் போயிருக்கும். அடகுச் சீட்டு கிடைத்த அன்றே கிளைக்குப் போய் இறப்பைத் தெரிவித்து வட்டியைக் கட்டுங்கள்.

வாரிசுச் சொத்துக்கு வரி உண்டா?

இல்லை. எஸ்டேட் வரி 1985-லேயே எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் இறந்த தேதி வரையிலான அவருடைய வருமானத்துக்கு, வருமான வரி இணையதளத்தில் சட்ட வாரிசாகப் பதிந்து, ரிட்டர்ன் போட வேண்டும். பான் எண்ணை அதன்பிறகு ஒப்படைத்தால் போதும். முன்பே ரத்து செய்தால் திரும்ப வரவேண்டிய வரிப்பணம் சிக்கிக்கொள்ளும். பின்னாளில் சொத்தை விற்றால், மூலதன ஆதாயக் கணக்கு அப்பா வாங்கிய தேதி, விலையிலிருந்து தொடங்கும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியது என்றால் அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம்.

மற்ற சின்ன வேலைகள்?

வண்டிக்கு: 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தகவல், மூன்று மாதத்துக்குள் படிவம் 31. காப்பீட்டையும் மாற்றாமல் ஓட்டாதீர்கள். குடும்ப அட்டையில் பெயர் நீக்கம், வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 7, மின் இணைப்பு, வீட்டு வரி, குடிநீர் இணைப்பு பெயர் மாற்றம் ஆகியவற்றை வாரிசு சான்றிதழ் வந்தபின் செய்யலாம். ஆதாரையும் சிம்மையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், வங்கியும் வருமான வரியும் முடிந்த பிறகு.